மெகல்லன் கப்பலை பாதி ஆளை வச்சு ஓட்டியிருக்க முடியாதா?

கேள்வி இது தான்: 1519-ல போர்த்துகீசியரான மெகல்லன் ஸ்பெயின் ராஜாவுக்காக, கிராம்பு விளையற மலுக்கு தீவுகளுக்கு (இப்போ இந்தோனேசியா) மேற்கு வழி தேடி, 5 கப்பல்ல கிட்டத்தட்ட 240 பேரை ஏத்திட்டு கிளம்பினார், கப்பல் எல்லாம் ரொம்ப சின்னது, சாப்பாடும் தண்ணியும் தான் பெரிய தலைவலின்னு எல்லாருக்கும் தெரியும், அப்படி இருக்கும்போது பாதி பேரோட போயிருந்தா அதே சாப்பாடு ரெண்டு மடங்கு நாளைக்கு வந்திருக்குமே, ஏன் அப்படி செய்யல? கடைசில அந்த அஞ்சுல ஒண்ணான விக்டோரியாவை 18 பேர் தானே ஊர் கொண்டு வந்து சேர்த்தாங்க, அப்போ 18 பேர் போதும்னு தானே அர்த்தம்?

கேட்க நியாயமா தான் இருக்கு. ஆனா அந்தக் காலத்து கடல் பயணத்துல முதல்ல தீர்ந்து போனது சாப்பாடோ கப்பலோ இல்ல, கை. வேலை செய்யற கை. கப்பல் நல்லா மிதந்துட்டு இருக்கும்போதே, ஓட்ட ஆள் இல்லாம அதுக்கு தீ வச்சுட்டு போயிருக்காங்க, மெகல்லன் கூட்டமும் செஞ்சாங்க, வாஸ்கோ ட காமாவும் செஞ்சார். இதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க, அவங்க எடுத்த முடிவுகள் பாதிக்கு மேல அப்போ தான் புரியும்.

முதல்ல ஆள் கணக்கு. விக்டோரியாவை எடுத்துக்கங்க, ரெண்டு டவுன் பஸ்ஸை ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிறுத்தினா வர்ற நீளம், அவ்வளவு தான். அதுல ஒரு 45 பேர். இதுல கேப்டன், பைலட் (கடல்ல வழி பார்த்து சொல்றவர்), கணக்கு எழுதறவர், ஸ்டோர் பார்க்கறவர், பீரங்கி சுடற கன்னர்கள், பெரிய ஆளுங்களோட வேலைக்காரங்க, 10, 12 வயசு பசங்க இவங்களை எல்லாம் கழிச்சுடுங்க. பாய் இழுக்க, மரம் ஏற, கயிறு கட்டன்னு மிஞ்சறது 25 பேர் வந்தா பெரிசு. கப்பல் ராத்திரி நிக்காது, நடுக்கடல்ல நங்கூரமும் போட முடியாது, அதனால 24 மணி நேரமும் ஷிஃப்ட். ராத்திரிய மூணு காவலா பிரிப்பாங்க. 25-ஐ மூணால வகுத்துப் பாருங்க, ஒரு நேரத்துல மேல்தளத்துல 8 பேர் இருப்பாங்க. அதுல ஒருத்தன் சுக்கான்ல, ஒருத்தன் முன்னாடி பார்த்துட்டு, ரெண்டு பேர் தண்ணி இறைக்கற பம்ப்ல. மிச்சம் 4 பேர். திடீர்னு காத்து திரும்பிச்சுன்னா இந்த 4 பேர் தான் பாய் கிட்ட ஓடணும்.

அந்தக் காலத்துல பெரிய பாயை சுருக்கறதுக்கு பெரும்பாலும் பருமலையே, அதாவது பாய் தொங்கற அந்த குறுக்கு மரத்தையே, கீழ இறக்கணும். காத்து குறைஞ்சா திரும்ப மேல ஏத்தணும், நனைஞ்ச பாயோட. அது நாலு பேர் வேலை இல்ல, தூங்கறவனையும் எழுப்பி கூட்டிட்டு வந்து மூச்சுப் பிடிச்சு இழுக்கணும். நங்கூரம் தூக்கறதும் அப்படித்தான், தொடை தடிமனுக்கு கயிறு, சேறோட சேர்த்து மேல வரும். கரைக்கு போய் தண்ணி பிடிக்கணும், விறகு வெட்டணும், அதுக்கு படகு தள்ள ஒரு கூட்டம், அவங்களுக்கு காவலா ஆயுதத்தோட இன்னொரு கூட்டம், அதே நேரம் கப்பலையும் ஆளில்லாம விட முடியாது.

பம்ப்பை பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா இதைத்தான் நம்ம ஆளுங்க யாரும் கணக்குல சேர்க்கறதே இல்ல. மரக்கப்பல்னா கசியும். புதுசா இருக்கும்போதே கொஞ்சம் கசியும், வெதுவெதுப்பான கடலுக்கு வந்துட்டா கப்பல் புழு பலகையை உள்ளுக்குள்ள சல்லடை ஆக்கிடும், வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. அதனால கிடைச்ச கரையில எல்லாம் கப்பலை சாய்ச்சு, அடியில ஒட்டினதை சுரண்டி, பலகை இடுக்குல சணல் திணிச்சு கீல் ஊத்தி கலப்பத்து பார்க்கணும். அந்த வேலை தெரிஞ்சவன் கப்பலுக்கு ஒருத்தன், மிஞ்சி மிஞ்சிப் போனா ரெண்டு பேர். தச்சன் அதே மாதிரி. பீப்பாய் செய்யறவனும் அதே மாதிரி, தண்ணியும் ஒயினும் பீப்பாய்ல தான் இருக்கு, பட்டை கழண்டா யார் பூட்டறது? இவங்கள்ல ஒருத்தன் செத்தா அந்த இடத்துக்கு வேற ஒருத்தனை இழுத்துப் போட முடியாது, பாய் இழுக்கறவனைக் கூட ஆறு மாசத்துல பழக்கிடலாம், கலப்பத்துக்காரனை பழக்க முடியாது.

ஆக 45 பேர்ங்கறது தாராளமா ஏத்தினது இல்ல. போற வழியில எத்தனை பேர் சாவாங்கன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டு, அவங்க போக மிச்சம் இருக்கறவங்க கப்பலை திருப்பிக் கொண்டு வரணும்னு ஏத்தினது. கேட்க கொடூரமா இருக்கு, ஆனா அப்போ கப்பல் அனுப்பின எல்லாரும் அப்படித்தான் ஏத்தினாங்க.

சரி, ஆள் எங்க இருந்து வந்தாங்க? இது ரொம்ப சுவாரசியமான விஷயம். செவில்ல இருந்த காஸா த கான்ட்ரதாசியோன்னு ஒரு அரசாங்க அலுவலகம் தான் மேற்கு கடல் போக்குவரத்து எல்லாத்துக்கும் பொறுப்பு. செவில்ல பறையறிவிச்சாங்க, மலாகா, காதிஸ் மாதிரி துறைமுகங்களுக்கும் ஆள் அனுப்பி கூப்பிட்டாங்க, வந்தவங்க ரொம்ப கம்மி. சம்பளம் பத்தாதுன்னு வரலன்னு மெகல்லனே விசாரணையில சொல்லியிருக்கார். மாலுமிக்கு மாசம் 1200 மரவேதி (அப்போ இருந்த ஸ்பெயின் காசு), அவனுக்கு கீழ பழகற இளவட்டத்துக்கு 800, சின்னப் பையனுக்கு 500. நாலு மாச சம்பளம் அட்வான்ஸ். கரீபியன் போற கப்பல்ல ஏறினா போற ஊர் தெரியும், வழி தெரியும், அங்க தங்கம் இருக்குன்னு பேச்சும் இருக்கு, இங்கயோ எங்க போறோம், எப்போ வருவோம்னே யாரும் தெளிவா சொல்லல. ஒரு அனுபவசாலி மாலுமி எதுக்கு ஏறுவான்? அதனால போர்த்துகீசியர், ஜெனோவாக்காரங்க, கிரேக்கர், பிரெஞ்சுக்காரங்க, ஃப்ளாண்டர்ஸ்காரங்க, ஜெர்மானியர்னு கிடைச்சவங்களை எல்லாம் சேர்த்தாங்க, மெகல்லன் இருந்த ட்ரினிடாட்ல தலைமை கன்னரா இருந்தது பிரிஸ்டல்ல இருந்து வந்த ஒரு ஆங்கிலேயர். போர்த்துகீசியரை அதிகம் சேர்க்காதேன்னு ராஜா உத்தரவு போட்டும் 30 பேருக்கு மேல வந்துட்டாங்க, ஏன்னா தொலைதூர கடல் தெரிஞ்சவங்க அவங்க தான்.

ஏறினவங்கள்ல சிலருக்கு கரையில இருக்க முடியாத காரணமும் இருந்துச்சு. பின்னாடி விக்டோரியாவை கொண்டு வந்த எல்கானோவே அப்படித்தான், கடனுக்காக தன்னோட கப்பலை வெளிநாட்டு ஆளுங்க கிட்ட கொடுத்துட்டார், அது அப்போ ஸ்பெயின்ல குற்றம், அந்த வழக்கு தலைக்கு மேல தொங்கிட்டு இருக்கும்போது தான் இந்தக் கப்பல்ல ஏறினார்.

போர்த்துகல்ல நிலைமை இன்னும் மோசம். மொத்த நாட்டோட ஜனத்தொகையே பத்து லட்சத்தை ஒட்டி தான், அதுல இருந்து வருஷா வருஷம் இந்தியாவுக்கு கப்பல் கப்பலா ஆள் அனுப்பினா எத்தனை நாளைக்கு தாங்கும்? காமா 1497-ல கிளம்பும்போதே தண்டனைக் கைதிங்க சிலரை ஏத்திட்டு தான் போனார், எந்த ஊர்னு தெரியாத கரையில முதல்ல இறக்கி விடறதுக்கு அவங்க. கோழிக்கோட்டுல முதல்ல கால் வச்சதும் அப்படி ஒரு கைதி தான். 1505-ல இந்தியாவுக்கு போர்த்துகீசிய வைஸ்ராயா வந்த அல்மேய்தா கூட வந்த ஜோவாவ் ஓமெம்ங்கற கேப்டனை பத்தி ஒரு பதிவு இருக்கு, அவரோட கப்பல்ல இருந்தவங்க எல்லாம் நேரா வயல்ல இருந்து வந்தவங்க, கப்பல்ல இடது வலதுக்கு சொல்ற வார்த்தை கூட அவங்களுக்கு புரியல, அவர் ஒரு பக்கம் பூண்டும் இன்னொரு பக்கம் வெங்காயமும் கட்டித் தொங்கவிட்டு, பூண்டு பக்கம் திருப்பு, வெங்காயம் பக்கம் திருப்புன்னு தான் உத்தரவு கொடுத்தாராம். எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை. கையில கிடைச்ச ஆளை வச்சு, அவனுக்கு புரியற மாதிரி சொல்லி, கப்பலை ஓட்டறது சாமானியம் இல்ல.

இந்த ஆள் பஞ்சம் அந்த நூற்றாண்டோட முடியல. டச்சு கிழக்கிந்திய கம்பெனி 1602-ல இருந்து 1795 வரைக்கும் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை ஆசியாவுக்கு அனுப்பிச்சு, அதுல பாதிக்கும் கம்மியானவங்க தான் திரும்பி வந்தாங்க, ஆள் பிடிக்கறதுக்குன்னே துறைமுகத்துல தரகர்கள் இருந்தாங்க, வேலை தேடி வர்றவனுக்கு கடன்ல சோறும் படுக்கையும் கொடுத்து கடைசில அவன் சம்பளப் பத்திரத்தை எழுதி வாங்கிடுவாங்க. ஆசியாவுக்குள்ள ஓடின போர்த்துகீசிய கப்பல்ல அதிகாரிங்க சில பேர் மட்டும் தான் ஐரோப்பியர், பாய் இழுத்தவங்க பெரும்பாலும் குஜராத், கொங்கணம், மலபார் பக்கத்து முஸ்லிம் மாலுமிங்க.

இப்போ மெகல்லன் கதைக்கு வருவோம், ஏன்னா ஆள் எண்ணிக்கை எப்படி ஒவ்வொரு முடிவையும் ஆட்டி வச்சுதுன்னு அதுல தான் பளிச்சுன்னு தெரியும்.

1520 ஏப்ரல், இப்போ அர்ஜென்டினாவுல இருக்கற சான் ஹூலியான் துறை. குளிர்காலம் வருது, மெகல்லன் ரேஷனை குறைக்கறார், இங்கயே தங்கி வசந்தத்துல கிளம்பலாம்ங்கறார். ஸ்பானிஷ் கேப்டன்களுக்கு இந்த போர்த்துகீசியன் கீழ வேலை பார்க்கறதே ஆரம்பத்துல இருந்து பிடிக்கல, கலகம் வெடிக்குது, 5 கப்பல்ல 3 கப்பல் அவங்க கையில. மெகல்லன் அதை உடைச்சுட்டார், கலகத் தலைவர்கள்ல மெந்தோசாவை கத்தியால குத்தினாங்க, கேஸாதாவோட தலையை வெட்டினாங்க, கார்தாஹேனாவையும் ஒரு பாதிரியாரையும் பின்னாடி அந்த கரையிலயே விட்டுட்டு போயிட்டாங்க. ஆனா இதுக்கு அடுத்து நடந்தது தான் முக்கியம். இன்னும் 40 பேருக்கு பக்கத்துல மரண தண்டனை விதிச்சாச்சு. அத்தனை பேரையும் மன்னிச்சுட்டார். இரக்கம்னு சிலர் எழுதறாங்க, கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனா 40 பேரை தூக்குல போட்டுட்டா கப்பல் எப்படி நகரும்? அவங்களை சங்கிலியோட பம்ப் அடிக்கவும் கப்பல் அடியை சுரண்டவும் விட்டார். அந்த மன்னிக்கப்பட்ட ஆளுங்கள்ல எல்கானோவும் ஒருத்தர். அன்னைக்கு சட்டப்படி தண்டனை நடந்திருந்தா உலகத்தை முதல்ல சுத்தி வந்த கப்பலுக்கு அந்த கேப்டன் இருந்திருக்க மாட்டார்.

அதுக்கப்புறம் சாண்டியாகோ கரை தட்டி உடைஞ்சுது, ஆனா அதுல இருந்தவங்க ஒருத்தர் தவிர எல்லாரும் தப்பிச்சாங்க, நடந்தே மத்த கப்பல்களுக்கு வந்து சேர்ந்தாங்க. கப்பல் போனது நஷ்டம், ஆனா கைகள் மிஞ்சிச்சு, அவங்களை மத்த 4 கப்பலுக்கும் பிரிச்சுக்கிட்டாங்க. நேர் எதிரா, தென் அமெரிக்காவோட தெற்கு முனைல பசிபிக்குக்கு வழி விடற, இப்போ மெகல்லன் பேர்லயே இருக்கற ஜலசந்தி உள்ள போனப்போ சான் அந்தோனியோ கப்பல் ஆளுங்க கேப்டனை கட்டிப் போட்டுட்டு ஊருக்கே திருப்பி ஓட்டிட்டு போனாங்க, அது தான் இருந்ததுலயே பெரிய கப்பல், 50 பேருக்கு மேல ஆளும், சாப்பாட்டுல பெரிய பங்கும் ஒரே நாள்ல போச்சு. மெகல்லனுக்கு மொத்த பயணத்துலயும் விழுந்த பெரிய அடி என்னைக் கேட்டா இது தான், கலகத்தை விட பெரிசு.

பசிபிக்கை பத்தி நிறைய பேருக்கு தெரியும். 1520 நவம்பர் 28-ல ஜலசந்தியை விட்டு வெளிய வந்தாங்க, 1521 மார்ச் 6-ல குவாம் வந்து சேர்ந்தாங்க. கூடவே போன இத்தாலிக்காரர் பிகாஃபெட்டா எழுதி வச்சிருக்கார்: பிஸ்கட்னு சொன்னது புழு அரிச்ச தூள், எலி மூத்திர நாத்தம், தண்ணி மஞ்சளா அழுகிப் போனது, பருமல்ல கயிறு உராயாம இருக்க சுத்தியிருந்த மாட்டுத் தோலை நாலஞ்சு நாள் கடல் தண்ணில ஊற வச்சு சுட்டு தின்னாங்க, மரத்தூள் தின்னாங்க, எலி ஒண்ணு அரை டுகாட்டுக்கு, அதாவது அரை தங்கக் காசுக்கு வித்துச்சு, அதுவும் கிடைக்கல. 19 பேர் செத்தாங்க.

இதுல பசியை விட கொன்னது ஸ்கர்வி. பச்சைக் காய்கறி, பழம் இல்லாம ரெண்டு மூணு மாசம் போனா வைட்டமின் சி தீர்ந்துடும், அது இல்லன்னா உடம்புல தசையையும் தோலையும் பிடிச்சு வச்சிருக்கற கொலாஜனை உடம்பு புதுசா கட்ட முடியாது. ஈறு வீங்கி பல்லை மூடிடும், வருஷக்கணக்கா ஆறிப்போன பழைய வெட்டுக்காயம் திரும்ப வாய் பிளக்கும், கால்ல ரத்தம் கட்டும், எழுந்து நின்னாலே மூச்சு வாங்கும். ஆள் எண்ணிக்கை கணக்குல இதோட கொடுமை என்னன்னா, செத்தவன் ஒருத்தன்னா படுத்தவன் அஞ்சாறு பேர். கணக்குப் புத்தகத்துல அவன் உயிரோட இருக்கான், கயித்துல அவன் கை இல்ல. மிச்சம் இருக்கறவன் ரெண்டு பேர் வேலையை செய்யறான், அவனும் சீக்கிரம் விழறான்.

காமாவோட திரும்பற பயணம் தான் இதுக்கு சரியான உதாரணம். 1498-ல ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரையில இருக்கற மாலிந்தில இருந்து கோழிக்கோட்டுக்கு வர, அந்த கடல் தெரிஞ்ச ஒரு பைலட் கூட இருந்ததால 23 நாள்ல அரபிக்கடலை தாண்டிட்டாங்க. திரும்பும்போது வாடைக்காத்து நிலைக்கறதுக்கு முன்னாடி, அக்டோபர் ஆரம்பத்துலயே கிளம்பிட்டாங்க, நம்ம மலபார்க்காரங்களோ அரபுக்காரங்களோ யாரும் அந்த தப்பை செய்யவே மாட்டாங்க. காத்து இல்லாமலும் எதிர்காத்துலயும் மாட்டி கிட்டத்தட்ட மூணு மாசம் ஆச்சு. 30 பேர் செத்தாங்க, போகும்போதே அதே அளவு பேர் செத்திருந்தாங்க. கூட இருந்த ஒருத்தர் எழுதின நாட்குறிப்புல, கப்பலுக்கு ஏழெட்டு பேர் தான் வேலை செய்யற நிலையில இருந்தாங்க, அவங்களும் நல்லா இல்ல, இன்னும் ரெண்டு வாரம் இப்படி போயிருந்தா கப்பல் ஓட்ட ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்கன்னு இருக்கு. கட்டுப்பாடெல்லாம் போச்சு, சாமிக்கு நேர்த்திக்கடன் வேண்டிட்டு உட்கார்ந்திருந்தாங்கன்னும் இருக்கு. 1499 ஜனவரில மாலிந்தி போய் சேர்ந்ததும் நோயாளிங்களுக்கு முதல்ல கேட்டு வாங்கினது ஆரஞ்சு பழம். அப்புறம் மொம்பாசா பக்கத்துல சாவ் ரஃபாயெல் கப்பலுக்கு தீ வச்சாங்க. அவரோட அண்ணன் பாவ்லோ கேப்டனா இருந்த கப்பல் அது. மூணு கப்பலுக்கு ஆள் இல்ல, ரெண்டு கப்பலுக்கு தான் இருக்கு. கிளம்பின 170 பேர்ல திரும்பினது 55 பேர் வாக்குல, பாவ்லோவும் அஸோர்ஸ் தீவுல செத்துட்டார்.

மெகல்லன் கூட்டத்துக்கும் இதே தான் நடந்துச்சு. 1521 ஏப்ரல் 27-ல மக்தான் தீவுல தேவையே இல்லாத ஒரு சண்டைல மெகல்லன் செத்தார். நாலு நாள் கழிச்சு செபு ராஜா விருந்துன்னு கூப்பிட்டு 25 பேருக்கு மேல கொன்னுட்டாங்க, அதுல புது தலைவர்களும் பைலட்டும் அடக்கம். இதுக்குப் பின்னாடி என்ரிகே இருந்தார்னு பிகாஃபெட்டா சொல்றார், மெகல்லன் மலாக்கால வாங்கின அடிமை, மொழிபெயர்ப்பாளர். மெகல்லன் செத்தா அவனுக்கு விடுதலைன்னு உயில்லயே எழுதியிருந்துச்சு, புதுசா தலைவரா வந்த பார்போசா அதை ஒத்துக்காம, நீ அடிமையா தான் இருப்பேன்னு மிரட்டினாராம். அந்த கடல்ல மலாய் பேசத் தெரிஞ்ச ஆளை அப்படி நடத்தினது அநியாயம், அதோட சுத்த முட்டாள்தனம். இதுக்கப்புறம் மலுக்கு தீவுக்கு வழி காட்ட மிந்தனாவோ பக்கம் படகுல போனவங்களை மடக்கிப் பிடிச்சு பைலட்டா வச்சுக்கிட்டாங்க, வேற வழி தெரியல.

மிஞ்சினது நூத்திச் சொச்சம் பேர், கப்பல் மூணு. போஹோல் தீவு பக்கத்துல நிறுத்தி கான்செப்சியோனை எரிச்சுட்டாங்க, அதுல இருந்த நல்ல சாமானை எல்லாம் மத்த ரெண்டுக்கும் மாத்திக்கிட்டு. உங்க கேள்விக்கு நேரான பதில் இங்க இருக்கு. ஒரு கப்பலுக்கு 35, 40 பேர் வீதம் மூணையும் ஓட்டலாம்னு அவங்க நினைக்கல, 50 பேர் வீதம் ரெண்டு போதும்னு முடிவு பண்ணாங்க, ரெண்டு வருஷமா அந்த கடல்ல அடிபட்டு வந்த ஆளுங்க போட்ட கணக்கு அது. 1591-ல ரேமண்ட், லங்காஸ்டர்னு இங்கிலீஷ்காரங்க மூணு கப்பலோட ஆப்பிரிக்காவோட தெற்கு முனை வந்தப்போவும் இதே தான் செஞ்சாங்க, ஒரு கப்பல்ல நோயாளிங்களை எல்லாம் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டு, மிச்ச 198 பேரை 101, 97-ன்னு ரெண்டு கப்பலுக்கு பிரிச்சாங்க. மூணை அரைகுறை ஆளோட ஓட்டறதை விட ரெண்டை நல்ல ஆள்பலத்தோட ஓட்டலாம்னு தான் காரணம் எழுதியிருக்கு.

இப்போ அந்த 18 பேர் விஷயம். மலுக்கு தீவுகள்ல ஒண்ணான டிடோர்ல கிராம்பு ஏத்தினதும் ட்ரினிடாட் பெரிசா கசிய ஆரம்பிச்சுடுச்சு, அதை விட்டுட்டு 1521 டிசம்பர் 21-ல விக்டோரியா மட்டும் கிளம்பிச்சு, கசிவுக்கு பயந்து 60 குவிண்டால் கிராம்பை இறக்கிட்டு தான் கிளம்பினாங்க. பயந்து கூட வராம அங்கயே நின்னவங்களும் உண்டு. கிளம்பும்போது 18 பேர் இல்ல, 60 பேர்: 47 ஐரோப்பியர், 13 பேர் அந்த தீவுகள்ல ஏத்தினவங்க. அப்போ 18 போதும்ங்கறது எப்படி சரியாகும்? 60-ல ஆரம்பிச்சு, சாவு, நோய், சிறைன்னு தேய்ஞ்சு கரை சேரும்போது நின்ன எண்ணிக்கை தான் 18.

போர்த்துகீசியர் பிடிச்சுடுவாங்கன்னு வழியில அவங்க துறைமுகம் எதுலயும் ஒதுங்காம வந்தாங்க, ராத்திரி பகலா பம்ப் அடிச்சோம்னு எல்கானோ ராஜாவுக்கு எழுதின கடிதத்துல இருக்கு. 1522 ஜூலைல கேப் வெர்டே தீவு வந்தப்போ நிலைமை கை மீறிப் போயிடுச்சு, அது போர்த்துகீசியர் இடம்னு தெரிஞ்சும் உள்ள போனாங்க. எதுக்கு போனாங்க? அரிசி வாங்க. அதோட, பம்ப் அடிக்க அடிமைங்களை விலைக்கு வாங்கறதுக்குன்னும் அப்போ எழுதப்பட்ட ஒரு அறிக்கையில இருக்கு, கையில காசு இல்லாம கிராம்பை நீட்டினதுல தான் எங்க இருந்து வர்றாங்கன்னு மாட்டிக்கிட்டாங்களாம். கரைக்குப் போன 13 பேரை போர்த்துகீசியர் பிடிச்சு வச்சுட்டாங்க, எல்கானோ அவங்களை விட்டுட்டு பாய் விரிக்க வேண்டியதா போச்சு. ஆளைத் தேடி உள்ள போய் இருந்த ஆள்ல 13 பேரை இழந்தது எவ்வளவு பெரிய கொடுமை பாருங்க. மிச்சம் இருந்தவங்க செப்டம்பர் 6-ல ஸ்பெயின்ல இருக்கற சான் லூகார் வந்து சேர்ந்தாங்க, 18 பேர், பெரும்பாலானவங்க நோயாளிங்கன்னு பிகாஃபெட்டாவே எழுதறார். இன்னொரு புயல் அடிச்சிருந்தா அந்த கப்பல் வந்திருக்காது. அப்புறம் அந்த 18-ல தீவுகள்ல இருந்து வந்தவங்க கணக்கே இல்ல, அவங்கள்ல சில பேர் உயிரோட ஸ்பெயின் வரைக்கும் வந்திருக்காங்க, அதே பம்ப்பை அவங்களும் தான் அடிச்சாங்க. உலகம் சுத்தினவங்க பட்டியல்னு போடும்போது அவங்களை விட்டுட்டுப் போறது எனக்கு இன்னைக்கும் மனசு ஒப்பல.

அப்போ ஆள் சாகாம பார்த்துக்கிட்டா கம்மி ஆளோட போகலாமான்னு கேட்டா, ஆமா, அதுக்கு வழி இருந்துச்சு, கண்ணு முன்னாடியே இருந்துச்சு. அதே லங்காஸ்டர் தான் 1601-ல ஈஸ்ட் இந்தியா கம்பெனியோட முதல் பயணத்துக்கு தலைவரா 4 கப்பலோட போறார். தன்னோட ரெட் டிராகன் கப்பல்ல மட்டும் எலுமிச்சை சாறு பாட்டில் ஏத்திட்டு போய், தினம் காலைல வெறும் வயித்துல ஆளுக்கு மூணு ஸ்பூன் கொடுத்தார். மத்த மூணு கப்பல்லயும் ஸ்கர்வி வந்து, வியாபாரத்துக்கு வந்த கணக்குப்பிள்ளைங்க சுக்கான் பிடிச்சு, மரத்துல ஏறி பாய் சுருக்கற நிலைமை. ஆப்பிரிக்காவோட தெற்கு முனை பக்கத்துல இருக்கற டேபிள் விரிகுடா வந்தப்போ ரெட் டிராகன்ல இருந்து ஆள் போய் தான் அந்த கப்பல்களோட படகையே இறக்கிக் கொடுத்தாங்க. 480 பேர்ல அதுக்குள்ள 105 பேர் செத்தாச்சு. இவ்வளவு தெளிவா பார்த்தும், பிரிட்டிஷ் கடற்படைல எலுமிச்சை சாறு எல்லாருக்கும்னு ஆனது 1795-ல தான். கிட்டத்தட்ட 200 வருஷம். அந்த இடைவெளில கடல்ல போன உயிரை நினைச்சா எனக்கு ஆத்திரம் தான் வருது, ஏன்னா அது விலை உயர்ந்த மருந்து இல்ல, எலுமிச்சம்பழம்.

கடைசியா சம்பளம், இதை கேட்கல, ஆனா ஆள் ஏன் கிடைக்கலன்னு புரிய இது வேணும். காஸாவுல ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா கணக்கு, செத்த நாள் வரைக்கும் தான் சம்பளம் ஓடும், மேல வர வேண்டியதுக்கு பொண்டாட்டி பிள்ளைங்க அலுவலகத்துக்கு அலையணும். எல்கானோ கரை இறங்கினதும் ராஜாவுக்கு எழுதின கடிதத்துலயே கேப் வெர்டேல மாட்டின 13 பேரை மீட்டுக் கொடுங்கன்னு கேட்டார், அவங்க பின்னாடி விடுதலையாகி வந்துட்டாங்க. ட்ரினிடாட்ல இருந்தவங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. கசிவை சரி பண்ணிட்டு பசிபிக் வழியா திரும்பப் பார்த்து, காத்து கிடைக்காம, பாதிக்கு மேல செத்து, திரும்பி வந்து போர்த்துகீசியர் கிட்ட பிடிபட்டாங்க, 50 பேருக்கு மேல இருந்த அந்த கப்பல்ல இருந்து வருஷங்கள் கழிச்சு ஸ்பெயின் திரும்பினது விரல் விட்டு எண்ணக்கூடிய பேர். அதுல கேப்டன் எஸ்பினோஸாவும் ஒருத்தர். போர்த்துகீசியர் சிறைல இருந்த காலத்துல அவர் ராஜா வேலை பார்க்கல, அதனால அந்த நாளுக்கு சம்பளம் கிடையாதுன்னு காஸா அவர் கிட்ட வாதாடிச்சு. அடுத்த பயணத்துக்கு, 1525-ல லோயாய்சா தலைமைல 7 கப்பல், 450 பேர்னு ஆள் சேர்த்தப்போ எல்கானோவும் திரும்ப ஏறினார், அடுத்த வருஷம் பசிபிக் நடுவுல லோயாய்சா செத்து ஒரு வாரத்துக்குள்ள அவரும் செத்தார், மலுக்கு வரைக்கும் போய் சேர்ந்தது அந்த ஏழுல ஒரே ஒரு கப்பல்.